அரை பாயிண்ட் எங்கெல்லாம் போகும்? பல டேட்டாபேஸ்களில் ஒரு ஃபீல்டைத் தேடிப் பிடிக்கும் வழி

சேலம் - ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிக்கு நான் டேட்டாபேஸ் வேலை பார்த்துத் தருகிறேன். மரவள்ளிக் கிழங்கு லோடு வந்ததும் எடை மேடையில் ஏற்றுவார்கள். பிறகு மாதிரிக் கிழங்கை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டு எடை பார்த்து, மாவுச்சத்து எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவார்கள். அந்தச் சதவீதத்துக்கு எங்கள் பக்கம் 'பாயிண்ட்' என்று பேர். ஒரு பாயிண்டுக்கு இன்ன விலை என்று அன்றன்றைக்கு ஒரு ரேட் இருக்கும். பாயிண்டையும் ரேட்டையும் பெருக்கினால் டன் விலை வந்துவிடும். இத்தனை நாளும் 26, 27, 28 என்று முழு எண்ணாகத்தான் போட்டார்கள். விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருந்ததால், இனி அரை பாயிண்டையும் கணக்கில் எடுப்பது என்று முதலாளி முடிவு செய்தார். "ஒரு புள்ளி வைக்கிறதுதானேம்மா, இன்னிக்கே போட்டுடலாமில்ல?" என்று கேட்டார்.

போட முடியாது. அந்த பாயிண்ட் ஒரே இடத்தில் குடியிருக்கவில்லை. எடை மேடை சாஃப்ட்வேர் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஓடுகிறது. கொள்முதல் கணக்கும் பட்டுவாடாவும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்ஸில் இருக்கின்றன. விவசாயிகள் போனில் பார்க்கிற ஆப்புக்குப் பின்னால் மைஎஸ்க்யூஎல். இது போக டேலி, ஒரு பழைய ஆக்சஸ் ஃபைல், கணக்கர் அண்ணனின் எக்செல் ஷீட்டுகள். முதலாளிக்கு ஏற்காட்டில் காபி எஸ்டேட்டும் உண்டு. அதன் டேட்டாபேஸும் இதே மைஎஸ்க்யூஎல் சர்வரில்தான் குந்தியிருக்கிறது.

எதையும் பார்க்காமல் ஒரு இடத்தில் மட்டும் புள்ளியை வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரிவதில்லை. 27.5 என்ற தசம எண்ணை இன்டீஜர் ஃபீல்டுக்கு, அதாவது முழு எண் மட்டும் வைக்கிற கட்டத்துக்கு, அனுப்பினால் போஸ்ட்கிரெஸ் அதை 28 ஆக்கிக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லும் 28தான். எஸ்க்யூஎல் சர்வரோ புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு 27 என்று வைக்கும். மூன்றில் ஒன்றுகூட எரர் காட்டாது. அதே எஸ்க்யூஎல் சர்வரில் ஃபீல்டின் வகை டெசிமல்(3,0), அதாவது மொத்தம் மூன்று இலக்கம், புள்ளிக்குப் பின் பூஜ்யம் என்று இருந்தால் 28 வரும். வெறுமனே 'டெசிமல்' என்று எழுதி வைத்திருந்தால் எஸ்க்யூஎல் சர்வர் அதை (18,0) என்றும் மைஎஸ்க்யூஎல் (10,0) என்றும் எடுத்துக்கொள்ளும். பெயர் டெசிமல், ஆனால் தசமத்துக்கு இடம் கிடையாது. ஆக, எடைச் சீட்டில் 27.5, போனில் 28, பட்டுவாடா 27க்கு. பாயிண்ட் 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 டன் லோடுக்கு அரை பாயிண்ட் என்பது 1,250 ரூபாய். அந்த ரூபாய்க்கு யாரிடம் வந்து சத்தம் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இதுபோல ஒரு ஃபீல்டை மாற்றவோ, நீக்கவோ, அதன் அர்த்தத்தைத் திருத்தவோ வேண்டியிருந்தால், அது எங்கெங்கே புழங்குகிறது என்று தேடும் வழியைக் கீழே எழுதியிருக்கிறேன். கட்டளைகளையும் டேபிள் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே தேடப் போகிறோம்?

எல்லாரும் முதல் வேலையாக ஃபீல்டின் பெயரைத் தேடக் கிளம்புவார்கள். அதற்கு முன்னால் எத்தனை டேட்டாபேஸ் இருக்கிறது என்ற கணக்கை எடுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் சிஸ்.டேட்டாபேசஸ், மைஎஸ்க்யூஎல்லில் ஷோ டேட்டாபேசஸ், போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி_டேட்டாபேஸ். இது சர்வருக்குள் இருக்கிற கணக்கு. சர்வரே தெரியாமல் ஏதாவது மூலையில் ஓடிக்கொண்டிருக்கலாம். எடை மேடை அறைக்குப் போய் அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். எங்களுக்குச் சர்வர் என்று சொல்லப்பட்டது ஒன்று, போய்ப் பார்த்தால் எடை மேடை கம்ப்யூட்டரிலேயே இன்னொரு போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருந்தது. நெட் போனால் தற்காலிகமாக அதில் சேமித்து, நெட் வந்ததும் மேலே அனுப்புமாம். பாயிண்ட் ஃபீல்டு அதிலும் உண்டு.

கூடவே ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற குறுக்குவழிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் லிங்க்டு சர்வர்கள் சிஸ்.சர்வர்ஸ் என்பதில் தெரியும். சிஸ்.சினானிம்ஸையும் பாருங்கள்: உள்ளூர் டேபிள் மாதிரி பேர் வைத்துக்கொண்டு பக்கத்து டேட்டாபேஸின் டேபிளைக் காட்டுகிற வேலை அங்கேதான் நடக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் வேறிடத்து டேபிளைக் காட்டுகிற ஃபாரின் டேபிள்கள் பிஜி_ஃபாரின்_டேபிளில் இருக்கும்.

பெயரை வைத்து முதல் சுற்று

மூன்று டேட்டாபேஸ்களிலும் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவுக்குள் காலம்ஸ் என்று ஒரு வியூ இருக்கிறது. அதிலிருந்து ஸ்கீமா பெயர், டேபிள் பெயர், ஃபீல்டு பெயர், டேட்டா டைப், நியூமெரிக் ஸ்கேல் (புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம்) ஐந்தையும் எடுங்கள். ஸ்கேலை விட்டுவிடாதீர்கள், மேலே சொன்ன டெசிமல் தொல்லை அதில்தான் தெரியும். நிபந்தனை எழுதுகிற 'வேர்' (WHERE) பகுதியில் லைக் போட்டுப் பெயரைத் தேட வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் லைக் என்பது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். அங்கே ஐலைக் போடுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் ஒரே கேள்வியில் (க்வெரியில்) அந்தச் சர்வரில் இருக்கிற எல்லா டேட்டாபேஸும் வந்துவிடும். போஸ்ட்கிரெஸ்ஸில் அப்படி வராது. ஒவ்வொரு டேட்டாபேஸுக்குள்ளும் தனித்தனியாக நுழைந்து கேட்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரிலும் டேட்டாபேஸுக்கு ஒரு முறை ஓட்ட வேண்டும். இதற்கு எஸ்பி_எம்எஸ்ஃபார்ஈச்டிபி என்று ஒன்று இருப்பதாகப் பலர் சொல்லித் தருவார்கள். அது மைக்ரோசாஃப்ட் ஆவணப்படுத்தாத சரக்கு, சில நேரம் டேட்டாபேஸ்களைத் தவறவிட்டுவிடும். சிஸ்.டேட்டாபேசஸ்ஸிலிருந்து பெயர்களை எடுத்து நாமே ஒரு லூப் எழுதுவது பத்து வரி வேலை.

அனுமதி விஷயத்தில் கவனம் வேண்டும். நீங்கள் நுழைந்த லாகினுக்கு உரிமை இல்லாத டேபிள்கள் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில் தெரியவே தெரியாது. 'மூன்று இடத்தில்தான் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்போம், நாலாவது இடத்தைப் பார்க்க நமக்கு உரிமை இல்லை என்பதுதான் விஷயமாக இருக்கும். எஸ்க்யூஎல் சர்வரில் வியூ டெஃபினிஷன் உரிமை வாங்கிக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி_அட்ரிப்யூட்டை நேரடியாகப் படித்தால் உரிமை தடுக்காது. அட்நம் பூஜ்யத்துக்கு மேல், அட்இஸ்டிராப்டு ஃபால்ஸ் என்ற இரண்டு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

என்ன பெயரைத் தேடுவது? சாஃப்ட்வேர் எழுதிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி பெயர் வைத்திருப்பார்கள். பாயிண்ட், பாயிண்ட்ஸ், பிடி, ஸ்டார்ச், ஸ்டார்ச்_பிசிடி, மாவு, சத்து, கிரேடு, குவாலிட்டி என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டேன். 'பிடி' என்று இரண்டு எழுத்தை மட்டும் தேடினால் ரெசீப்ட், டெப்ட், டிஸ்கிரிப்ஷன் எல்லாம் ஊர்வலமாக வரும், ஆங்கில எழுத்துக்கூட்டலில் எல்லாவற்றுக்குள்ளும் அந்த இரண்டு எழுத்து இருக்கிறது. அடிக்கோடு வைத்துத் தேடினாலும் பத்திரம். லைக்கில் அடிக்கோட்டுக்கு 'ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள்.

வந்த பட்டியலில் பாதி நமக்குச் சம்பந்தமில்லாததாக இருக்கும். எஸ்டேட் டேட்டாபேஸில் ஒரு பாயிண்ட் இருந்தது. காபிப் பழம் பறித்துக் கொண்டுவந்து எடை போடுகிற இடத்தின் எண் அது. ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் கேட்டதும் ஒரு நிமிடத்தில் அது கழிந்தது. ஆப்பில் இன்னொரு பாயிண்ட், பழைய விவசாயிகளுக்குக் கொடுத்த பரிசுப் புள்ளி. பெயரை நம்பாமல், அதில் இருக்கிற மதிப்புகளின் குறைந்தபட்சம், அதிகபட்சம், எத்தனை வெவ்வேறு மதிப்புகள் என்ற மூன்றையும் எடுத்துப் பாருங்கள். இருபதுகளில் சுற்றிக்கொண்டிருந்தால் அது நம் ஆள். 1 முதல் 6 வரை மட்டும் இருந்தால் எடை போடும் இடம்.

நிரல் கோடுக்குள் இருக்கிறவை

டேபிளில் இருக்கிறதைக் கண்டுபிடித்தாயிற்று. அதைப் படித்து வேலை செய்கிற, டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த கோடுகளான ப்ரொசீஜர், வியூ, ட்ரிகர்களைத் தேட வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸ் என்பதில் டெஃபினிஷன் என்ற ஃபீல்டில் முழுக் கோடும் இருக்கும். இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவின் ரொட்டீன்ஸில் தேடாதீர்கள். அது முதல் 4,000 எழுத்தோடு நின்றுவிடும். பட்டுவாடா ப்ரொசீஜர் மாதிரி நீளமானவற்றில் முக்கியமான கணக்கு கடைசியில்தான் வரும். மைஎஸ்க்யூஎல்லில் ரொட்டீன்ஸ், வியூஸ், ட்ரிகர்ஸ், ஈவன்ட்ஸ் நான்கையும் பார்க்க வேண்டும். நேரம் வைத்துத் தானாக ஓடுகிற ஈவன்ட்ஸைத்தான் எல்லாரும் மறப்பார்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் ஃபங்ஷன்களின் உடல் பிஜி_ப்ராக் டேபிளில் ப்ரோஎஸ்ஆர்சி (prosrc) என்ற ஃபீல்டில் இருக்கும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. டெஸ்ட் காப்பியில் பிகின் போட்டு, அந்த ஃபீல்டின் டைப்பை ஆல்டர் செய்து பாருங்கள். ஏதாவது வியூ அதைப் பயன்படுத்தினால், 'வியூ பயன்படுத்துகிற ஃபீல்டின் டைப்பை மாற்ற முடியாது' என்று வியூவின் பெயரோடு மறுத்துவிடும். பார்த்துக்கொண்டு ரோல்பேக் செய்து பழையபடி ஆக்கிவிடலாம். ஓடுகிற டேட்டாபேஸில் இதைச் செய்யாதீர்கள், டேபிளையே பூட்டிவிடும். இந்த மறுப்பு வியூக்களுக்குத்தான். போஸ்ட்கிரெஸ்ஸின் சொந்த மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் எழுதிய ஃபங்ஷன்களைப் பற்றி வாய் திறக்காது. அவற்றுக்குள் ஒரு வேரியபிளை இன்டீஜர் என்று அறிவித்திருந்தால், டேபிளில் 27.5 இருந்தாலும் அந்த வேரியபிளுக்குள் 28 ஆகிவிடும். அதனால் ஃபீல்டைத் தேடிக் கிடைத்த ஒவ்வொரு ஃபங்ஷனிலும் டிக்ளேர் பகுதியைக் கண்ணால் படிக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குப் பிடிபடவில்லை.

எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று: குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுகிற ஏஜென்ட் அதில் கிடையாது, ஆகவே ராத்திரி ஓடுகிற வேலைகள் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் பேட்ச் ஃபைலாகக் கிடக்கும். டேட்டாபேஸுக்குள் எவ்வளவு தேடினாலும் அவை சிக்காது. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, ஒவ்வொரு டாஸ்க்கும் எந்த ஃபைலை ஓட்டுகிறது என்று பார்த்து, அந்த ஃபோல்டர் முழுக்க எழுத்துத் தேடல் போடுங்கள்.

பெயரே இல்லாத இடங்கள்

பெயரை வைத்துத் தேடும் வழி இங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கும். 'எல்லா ஃபீல்டையும் கொடு' என்று செலக்ட் ஸ்டார் எழுதியிருந்தால் ஃபீல்டின் பெயர் கோடில் எங்குமே வராது. போஸ்ட்கிரெஸ்ஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் வியூ உருவாகும்போதே ஸ்டாரைப் பிரித்துப் பெயர்களாகச் சேமித்துவிடும், ஆகவே வியூவில் தேடினால் கிடைத்துவிடும். எஸ்க்யூஎல் சர்வரில் நீங்கள் எழுதிய ஸ்டார் அப்படியே கிடக்கும். இன்செர்ட் எழுதும்போது ஃபீல்டு பட்டியலைத் தராமல் வரிசைப்படி மதிப்புகளை மட்டும் கொடுத்திருப்பார்கள். காற்புள்ளி வைத்துப் பிரிக்கிற சிஎஸ்வி ஃபைலில் ஏழாவது ஃபீல்டு பாயிண்ட் என்று கோடில் எண்ணி எடுத்திருப்பார்கள். எக்செல்லில் விலுக்கப் ஃபார்முலாவுக்குள் வெறும் 7 இருக்கும். இந்த 7ஐத் தேடி நீங்கள் எங்கே போவீர்கள்?

எக்செல் ஃபைல் எந்த டேட்டாபேஸோடு பேசுகிறது என்று தெரிய ஒரு வழி: எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலின் காப்பி ஒன்றை எடுத்து எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றித் திறங்கள். எக்ஸ்எல் ஃபோல்டருக்குள் கனெக்ஷன்ஸ்.எக்ஸ்எம்எல் இருந்தால் அந்த ஃபைலுக்கு வெளித் தொடர்பு உண்டு என்று அர்த்தம். உள்ளே சர்வர் பெயரும், பல நேரம் கேள்வியுமே எழுதியிருக்கும்.

டைனமிக் எஸ்க்யூஎல், அதாவது கேள்வியைச் சரமாக ஒட்டிச் சேர்த்து ஓட்டுவது, இன்னொரு குழி. எஸ்க்யூஎல் சர்வரின் சிஸ்.எஸ்க்யூஎல்_எக்ஸ்பிரஷன்_டிபென்டன்சீஸ் எவ்வளவு நல்ல பட்டியலாக இருந்தாலும் அதற்கு டைனமிக் எஸ்க்யூஎல் தெரியாது.

அடையாள எண்ணைப் போட்டுத் துரத்துதல்

நான் அதிகம் நம்புவது இந்த முறையைத்தான். பெயரைத் தேடுவதை விட்டு, மதிப்பைப் பின்தொடர்ந்து போவது.

எல்லா டேட்டாபேஸுக்கும் ஒரே நேரத்தில் எடுத்த பேக்கப்பை வைத்து டெஸ்ட் சூழல் ஒன்றை அமையுங்கள். எஸ்எம்எஸ் சேவையின் சாவியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாரோ ஒரு விவசாயிக்கு நடுராத்திரியில் கிழங்கு வாங்கிய எஸ்எம்எஸ் போகும். பிறகு எடை மேடைத் திரையில் ஒரு பொய் லோடு போடுங்கள். பாயிண்ட், ரேட், எடை மூன்றும் பகா எண்ணாக இருக்கட்டும். காரணம் இருக்கிறது. பாயிண்ட் அப்படியே எல்லா இடத்துக்கும் போவதில்லை. பெருக்கப்பட்டுத் தொகையாகப் போகும். வழக்கமாக வராத பகா எண்களாக இருந்தால், தொகையைப் பார்த்தே எதிலிருந்து வந்தது என்று அடையாளம் கண்டுவிடலாம்.

நான் முதலில் 13 போட்டேன். திரை வாங்கவில்லை. 15க்குக் கீழே ஏற்காதபடி ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் இருந்திருக்கிறது, அதுவும் பாயிண்டைப் பயன்படுத்துகிற ஓர் இடம்தானே, பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். அப்புறம் 37 பாயிண்ட், 107 ரூபாய் ரேட், 7 டன். 37ஐ 107ஆல் பெருக்கினால் 3,959, அது டன் விலை. ஏழு டன்னுக்கு 27,713 ரூபாய். 37, 3,959, 27,713 என்ற இந்த மூன்று எண்ணையும் எல்லா டேட்டாபேஸிலும் தேட வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் டேட்டாபேஸ் முழுவதையும் எழுத்தாக இறக்குகிற பிஜி_டம்ப் எடுத்தால் ஒரு ரெக்கார்டுக்கு ஒரு வரியாகத்தான் எழுதும். மைஎஸ்க்யூஎல்டம்ப்புக்கு ஸ்கிப்-எக்ஸ்டெண்டட்-இன்செர்ட் என்று சொன்னால் அதுவும் அப்படியே எழுதும். லோடு போடுவதற்கு முன்னால் ஒரு டம்ப், பின்னால் ஒரு டம்ப். இரண்டையும் டிஃப் செய்தால் புதிதாக முளைத்த வரிகள் மட்டும் தெரியும். எஸ்க்யூஎல் சர்வரில் இவ்வளவு எளிதில்லை. சிஸ்.காலம்ஸிலிருந்து எண் வகை ஃபீல்டுகளை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 'இந்த மதிப்பு எத்தனை வரியில் இருக்கிறது' என்ற கேள்வியை உருவாக்கி ஓட்டுங்கள். எழுத்து வகை ஃபீல்டுகளுக்கும் லைக் போட்டு ஒரு சுற்று, எண்ணை எழுத்தாகச் சேமிக்கிற புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் உண்டு. டாஸ்க் ஷெட்யூலரில் பார்த்த ராத்திரி வேலைகளையும் கையால் ஓட்டிவிட்டு இன்னொரு முறை தேடுங்கள்.

இது முடிந்ததும் ஃபீல்டுகளை எல்லாம் டெஸ்ட்டில் தசமத்துக்கு விரித்துவிட்டு, இரண்டாம் லோடு: 37.5 பாயிண்ட், அதே ரேட், அதே எடை. சரியான தொகை 28,087 ரூபாய் 50 பைசா. இப்போது ஒவ்வொரு இடத்திலும் என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள். 28,087.50 வந்தால் அந்த வழி சுத்தம். 27,713 வந்தால் நடுவே எங்கோ 37 என்று வெட்டப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு இன்டீஜர். 28,462 வந்தால் 38 ஆக ஏற்றப்பட்டிருக்கிறது, போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் பக்கம் தேடுங்கள். தொகையே வழி காட்டிவிடும். எங்களுக்குப் பட்டுவாடாவில் 28,462 வந்தது, எஸ்க்யூஎல் சர்வரில் இருக்கிற ப்ரொசீஜரில் அப்படி வர வேண்டிய அவசியமே இல்லை. பின்னோக்கிப் போனால், போஸ்ட்கிரெஸ்ஸிலிருந்து சிஎஸ்வி எழுதித் தருகிற ஃபங்ஷனுக்குள் ஒரு இன்டீஜர் வேரியபிள். கணக்கு டேட்டாபேஸுக்கு வந்து சேரும்போதே அது 38.

எரரோடு நிற்கிற இடங்களும் வரும். 37.5 எழுத்தாக வந்து இன்டீஜருக்குள் நுழையப் பார்த்தால் போஸ்ட்கிரெஸ்ஸும் எஸ்க்யூஎல் சர்வரும் எரர் காட்டி நிறுத்திவிடும். அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம், சத்தம் போடுகிறவை நல்லவை.

லாக்

எந்தக் கேள்விகள் நிஜமாகவே ஓடுகின்றன என்று லாக்கிலும் பார்க்கலாம்: எஸ்க்யூஎல் சர்வரில் 2016 பதிப்பிலிருந்து க்வெரி ஸ்டோர், போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ், மைஎஸ்க்யூஎல்லில் பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமாவின் டைஜஸ்ட் டேபிள். போஸ்ட்கிரெஸ்ஸில் அதைப் புதிதாகப் போட சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அது லோடு வராத நேரமாக இருக்கட்டும். ஒரு வார லாக்கில் இல்லை என்பதால் பயன்பாட்டிலேயே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஆடிட்டருக்கு மார்ச் கடைசியில் மட்டும் எடுக்கிற ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன.

லீனியேஜ், அதாவது டேட்டா எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுகிற ஓப்பன் சோர்ஸ் கருவிகளும் உண்டு. டேட்டாஹப், ஓப்பன்மெட்டாடேட்டா, அப்பாச்சி அட்லஸ் எல்லாம் அந்த வகை. பைத்தான் தெரிந்தவர்களுக்கு எஸ்க்யூஎல்கிளாட் கைகொடுக்கும், கேள்வியைப் பிரித்து எந்த ஃபீல்டு எதிலிருந்து வருகிறது என்று சொல்லும். நூறு டேட்டாபேஸ் வைத்திருக்கிற கம்பெனிக்கு அவை அவசியம். நாலைந்து டேட்டாபேஸுக்கு அவற்றை நிறுவிப் பராமரிக்கிற நேரத்தில் கையாலேயே இரண்டு முறை தேடிவிடலாம் என்பது என் கட்சி.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள்

இத்தனையும் முடித்துவிட்டு, அந்த ஃபீல்டில் கை வைக்கிற ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்காருங்கள். 'இதை எதுக்குப் பயன்படுத்துறீங்க' என்று கேட்டால் 'சும்மா போடுறதுதாங்க்கா' என்றுதான் பதில் வரும். கேள்வி கேட்காமல் ஒரு லோடு வந்து போகிற வரை பாருங்கள்.

எடை மேடையில் இருக்கிற பையன் 27 என்று அடித்தான். பிறகு கர்சரை நகர்த்தி ரிமார்க்ஸ் கட்டத்தில் 'அரை' என்று தமிழில் அடித்தான்.

"அது என்ன தம்பி?"

"பாயிண்ட் இருபத்தேழரை வந்துச்சுங்க்கா. திரை வாங்காதில்ல, அதான் குறிப்புல போட்டுருவேன். கணக்குல அண்ணன் பாத்துக்குவாரு."

கணக்கு அறைக்குப் போனேன். கணக்கர் அண்ணன் எக்செல்லைத் திறந்து காட்டினார். ரிமார்க்ஸில் 'அரை' என்றிருந்தால் 0.5 கூட்டிக்கொள்ளும்படி ஒரு ஃபார்முலா, ஹைடு செய்த ஒரு நெடுவரிசைக்குள். "ஏம்மா, வேண்டப்பட்ட நாலு பேருக்கு இது ரொம்ப நாளா நடக்குது. கம்ப்யூட்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்றார்.

அதாவது அரை பாயிண்ட் ஏற்கெனவே பேக்டரியில் புழங்கிக்கொண்டிருந்தது, பாயிண்ட் ஃபீல்டுக்கு வெளியே. எந்த டேட்டாபேஸ் கேட்டலாகிலும் இது வராது. நாங்கள் பாட்டுக்குத் தசமத்தைத் திறந்துவிட்டிருந்தால், பையன் பழக்கத்தில் 27.5ம் அடித்து 'அரை'யும் அடிப்பான், எக்செல் அதன் மேல் இன்னொரு அரையைக் கூட்டி 28க்குப் பட்டுவாடா ஆகும்.

அச்சாகிற, வெளியே போகிற எல்லாவற்றையும் கூட இதே சுற்றில் வாங்கிக்கொள்ளுங்கள்: எடைச் சீட்டு, பில், எஸ்எம்எஸ். எஸ்எம்எஸ் வாசகம், வணிக எஸ்எம்எஸ்களுக்கான டிஎல்டி தளத்தில் பதிவு செய்த டெம்ப்ளேட். மாறும் இடத்தில் 27க்குப் பதில் 27.5 போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சுற்றியிருக்கிற வாசகத்தை மாற்றினால் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். எக்செல்லில் செல் ஃபார்மட் தசமம் இல்லாமல் இருந்தால் உள்ளே 27.5 இருந்தும் வெளியே 28 என்று காட்டும். பிரிண்ட் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எழுதி வைப்பதும் மாற்றுவதும்

கிடைத்ததை எல்லாம் ஒரே ஷீட்டில் எழுதுங்கள். இடம், டேட்டா டைப், எழுதுகிறதா படிக்கிறதா, எதிலிருந்து வருகிறது, யார் பொறுப்பு. இவற்றோடு இரண்டை நான் கட்டாயமாக வைத்திருப்பேன். ஒன்று, எப்படிக் கண்டுபிடித்தோம்: பெயர்த் தேடலா, அடையாள எண்ணா, ஆள் சொன்னதா. பெயர்த் தேடலில் மட்டும் கிடைத்தது, அடையாள எண் அங்கே போகவில்லை என்றால் அது செத்த ஃபீல்டாக இருக்கலாம். இரண்டு, 37.5 போட்டபோது அங்கே என்ன வந்தது. 'சரி' என்று எழுதாமல் வந்த எண்ணையே எழுதுங்கள்.

மாற்றும்போது கடைசியில் பெறுகிறவரிடமிருந்து ஆரம்பியுங்கள். முதலில் டேலிக்குப் போகிற ஃபைல், எஸ்எம்எஸ், ஆப். அடுத்து கணக்கு டேட்டாபேஸ். அதற்கும் பிறகு நடுவில் கொண்டுசேர்க்கிற ஃபங்ஷன்களும் பேட்ச் ஃபைல்களும். எடை மேடைத் திரையில் புள்ளியை அனுமதிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. தசமத்துக்கு விரித்த ஃபீல்டில் முழு எண் வந்தால் ஒரு கெடுதலும் இல்லை, ஆகவே பெறுகிற பக்கத்தை எத்தனை நாள் முன்னாலும் மாற்றி வைக்கலாம். எக்செல்லில் இருந்த 'அரை' ஃபார்முலாவை, திரை திறக்கிற அதே காலையில் கணக்கர் அண்ணன் கையாலேயே எடுக்கச் சொன்னோம். நாம் எடுத்தால் அவர் இன்னொரு ஷீட்டில் வைத்துக்கொள்வார்.

திரை திறந்த பிறகு, லோடு எண்ணை வைத்து மூன்று டேட்டாபேஸின் பாயிண்டையும் ஒப்பிடுகிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஓடட்டும். மூன்றும் ஒன்றாக இருக்கிற லோடுகளைக் காட்ட வேண்டாம், வித்தியாசமுள்ளவை மட்டும் போதும். ரிமார்க்ஸில் 'அரை' என்றிருக்கிற லோடுகளையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். எங்கள் பேக்டரியில் அது கணக்கர் அண்ணனின் போனுக்குப் போகிறது. பட்டுவாடா மறுநாள் காலை என்பதால் திருத்த நேரம் கிடைக்கிறது.